பெயருக்கு நடுவே ஓர் இருமல்

பட்டியலில் மூன்றாவது ஆளுக்கு வரும்போதே பெல்கைருக்குத் தொண்டை கரகரக்க ஆரம்பித்துவிடும். "மப்ரூகா... க்ஹும்... பூஸர்தா!" என்று அவர் கூப்பிட்டால், நகராட்சிக் கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அரைச்செவிட்டுக் கிழவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். தீவிலேயே பெரிய குரல் அது. வீட்டு வாசலில் நின்றபடியே கடலில் இருக்கிற படகைச் சாப்பிடக் கூப்பிடலாம். அப்பேர்ப்பட்ட குரல் ஒரே ஓர் இடத்தில் தடுக்கி விழும். ஒருவரின் முதல் பெயர் கணீரென்று வரும், கடைசிப் பெயரும் கணீரென்று வரும். நடுவில் மட்டும் ஓர் இருமல்.

வயது அறுபத்தொன்று. நகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் இருபத்தொன்பது வருஷமாகப் பியூன். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல கறுப்பு. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காலை மீன்பிடி நரம்பால் கட்டியிருப்பார். வலது காதில் செருகிய மல்லிகைச் செண்டு பத்து மணிக்கெல்லாம் வாடிவிடும். சாயங்காலம்வரை எடுக்க மாட்டார். எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் முத்திரை மையை ஒருமுறை ஊதிவிட்டுத்தான் கொடுப்பார். மை நேற்றே காய்ந்திருக்கும். ஆனாலும் ஊதுவார். செவ்வாய்க்கிழமை அவருடைய நாள். தயாரான சான்றிதழ்கள், வந்து சேர்ந்த உத்தரவுகள் எல்லாவற்றையும் கட்டாக வைத்துக்கொண்டு படியில் நின்று பெயர் கூப்பிடுவார்.

அந்த இருமலுக்கு மருந்து சொல்லாத ஆள் கிடையாது. அக்கரையிலிருந்து புதிதாக வந்தவர்கள் பாவம், உண்மையென்றே நம்பிவிடுவார்கள். தேன் கொண்டுவருவார்கள், பெருஞ்சீரகம் வறுத்துக் கொண்டுவருவார்கள். தீவுக்காரர்கள் கொண்டுவர மாட்டார்கள். அது எந்தச் சொல்லின்மேல் விழுகிற இருமல் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதீக். இன்னாரால் விடுதலை செய்யப்பட்டவர் என்று அர்த்தம். தீவின் கறுப்புக் குடும்பங்கள் பலவற்றில் பெயருக்கு நடுவே இந்தச் சொல் இருக்கிறது. மப்ரூகா அதீக் பூஸர்தா என்றால், பூஸர்தா வீட்டில் அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த மப்ரூகா. வெறும் பூஸர்தா என்றால் அந்த எஜமான் வீட்டின் வாரிசு. அடிமை முறையை ஒழித்து நூற்றெழுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சொல் மட்டும் பிறப்புச் சான்றிதழில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது அது கூடவே வரும். பட்டாளத்துக்கும் பெண் பார்க்கும் இடத்துக்கும் வரும், கல்லறைச் சீட்டில்கூட ஏறிக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பெல்கைர் இருமவில்லை. திருமணப் பதிவுக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் பெயரை, இளம் குரலின் முழுப் பெருமையோடு, அந்தச் சொல்லோடு சேர்த்துக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தலைநகர் துனிஸிலிருந்து வந்தவர்கள். அவர்களும் கறுப்பர்கள்தான், ஆனால் அவர்கள் காகிதத்தில் அந்தச் சொல் இல்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. பெண் துப்பட்டாவை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். கல்யாணம் நடந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு பெல்கைர் வருகிற தெருவில் அவள் நடந்ததே இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை இருமல் தானாக வந்தது.

அவர் அதை இரக்கம் என்றுதான் நினைத்தார். இரக்கமேதான்! ஆனால் இருபத்தொன்பது வருஷத்தில் அந்த இருமலே அந்தச் சொல்லாகிவிட்டது. அவர் இருமினால் பின்பெஞ்சுச் சிறுசுகள் கிளுகிளுக்கும். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே ஆள் மஹ்பூபா.

சந்தைத் தெருவில் சுருட்டை முடிக்காகவே அழகுக்கடை வைத்திருப்பவள் அவள். நாற்பது வயது. ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் போனுமாகத்தான் பேசுவாள்.

"எங்க குடும்பப் பேருக்கு நடுவுல சளி கட்டியிருக்கு சித்தப்பா," என்றாள் ஒருநாள், கூடமே கேட்கும்படி. "இதுக்கு டாக்டர்கிட்ட போனா தீருமா, கோர்ட்டுக்குப் போனா தீருமா?"

கோர்ட்டுக்குத்தான் போனாள். சமீப வருஷங்களில் அப்படிச் சிலர் அக்கரை நீதிமன்றம்வரை போய்ச் சொல்லை நீக்கி வாங்கியிருந்தார்கள். முதலில் தன் அப்பாவுக்காக மனுப் போட்டாள். அவர் பெயரில் போனால் பிள்ளைகள் பெயரிலும் தானாகப் போய்விடும்.

அப்பா ரம்தான். நோன்பு மாதத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். கயிற்றில் மண்சாடிகளைக் கட்டிக் கடலில் இறக்கி ஆக்டோபஸ் பிடித்தவர். எழுபத்தொன்பது வயதிலும் விடியற்காலையில் கரைக்குப் போய், அடுத்தவர்கள் சாடியில் என்ன மாட்டியிருக்கிறது என்று எட்டிப்பார்த்துக் கேலி பேசிவிட்டுத்தான் டீ குடிப்பார். மனுப் போட்ட நாளில் பெல்கைர் அவரை வம்புக்கு இழுத்தார்.

"எண்பது வயசுல பேரை மாத்திக்கிட்டு எங்க போகப்போறீங்க?"

"மண்ணுக்குள்ளதான். அங்க வானவருங்க வந்து யாருடா நீன்னு கேப்பாங்கல்ல, பூஸர்தா அவுத்துவிட்ட ஆளுன்னா சொல்றது?"

"சொல் போயிட்டா நீங்களும் வெறும் ரம்தான் பூஸர்தா. எண்ணெய் ஆலைக்கார எசமான் பேரும் அதேதான். ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவீங்க."

"ஆகட்டுமே. அவரு மாமியார் பொட்டியத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வராம இருந்தா சரி."

சிரித்து முடித்துவிட்டுக் கிழவர் சொன்னது பெல்கைருக்கு இன்றும் தூக்கத்தில் கேட்கிறது. "எவன் விட்டான்னு எழுதியிருக்கான் பெல்கைரு. எங்கேருந்து புடிச்சாங்கன்னு ஒரு வரி எழுதினானா? எங்க பாட்டனுக்குப் பாட்டன் போர்னுலேருந்து பாலைவனத்தைத் தாண்டி நடந்தே வந்தவரு. ஆயிரம் வருசம் ராஜாங்க இருந்த நாடு அது. அத எழுதல. விட்டவன் பேரு மட்டும் கொட்டை எழுத்துல."

"நீங்க ஏன் மனுப் போடல?" என்று அன்றைக்கு மஹ்பூபா பெல்கைரையும் கேட்டாள். அவர் பெயருக்கு நடுவிலும் அதே சொல் உண்டு.

"என்னை யாரும்மா பேர் சொல்லிக் கூப்பிடறா? கூப்பிடறவனே நான்தானே."

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த உத்தரவு வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. கட்டுக்குள் ஏழாவதாக இருந்த உறையை பெல்கைர் பார்த்தார். ரம்தான் அதீக் பூஸர்தா. உள்ளே என்ன இருக்கும் என்று உறையின் நீதிமன்ற முத்திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் பதிவேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிடுவார்கள். இந்த ஒரு தடவையாவது இருமாமல் கூப்பிட்டிருக்கலாம். கடைசித் தடவைதானே! ஆனால் பழகிய தொண்டை.

"ரம்தான்... க்ஹும்... பூஸர்தா!"

கிழவர் அன்றைக்குக் கூடத்தில் இல்லை. வாசல் பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டையோடு எண்ணெய் ஆலைக்காரர் வந்தார், ரம்தான் பூஸர்தா. சரக்குக் கிட்டங்கி கட்ட அனுமதி கேட்டிருந்தார். ஒரு காதில் போன், அதனால் இருமல் விழவில்லை; மறு கை நீண்டிருந்தது. "குடு பெல்கைரு, கப்பலுக்கு நேரமாச்சு."

கெட்ட மனுஷர் இல்லை அவர். பார்த்தால் நலம் விசாரிப்பார். பெல்கைரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் 'பெல்கைரு' என்பார், இவர் 'எசமான்' என்பார். அப்படியே வந்துவிட்டது, இருவரும் யோசித்ததில்லை.

இது உங்களுடையது இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொன்னால், 'என் பேரைத்தானே கூப்பிட்டே?' என்பார். அப்போது சொல்லியாக வேண்டும். இருமிய இடத்தில் இருந்த சொல்லை, அந்தச் சொல்லுக்குக் காரணமான வீட்டின் பேரன் முகத்துக்கு நேரே. பெல்கைர் முத்திரையை ஊதினார். நீண்ட கையில் உறையை வைத்தார். பிரித்துப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தார். ஆலைக்காரர் பிரிக்கவில்லை. நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, போனில் பேசியபடியே படியிறங்கிப் போய்விட்டார். அன்று மாலையே, பிரான்ஸில் இருக்கும் மகனைப் பார்க்க மார்செய்க்குக் கப்பல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிழவர் வந்தார்.

"என் காகிதம் வந்துச்சா?"

"வரும்."

அதற்கடுத்த வாரமும் வந்தார், சட்டையை மாற்றிக்கொண்டு. கையெழுத்துப் போடுகிற நாளில் அழுக்குச் சட்டையோடு இருக்கக் கூடாதாம்! "வரும், வரும்," என்றார் பெல்கைர். இரண்டு முறை ஆலைக்காரர் வீட்டு வாசல்வரை போனார். எசமான் புது வருஷம் பிறந்துதான் வருவார் என்றான் காவல்காரன். மார்செய் நம்பர் கேட்க வாய் வரவில்லை. நீதிமன்றத்தில் நகல் கேட்கலாம். கேட்டால் முதல் காகிதம் எங்கே என்பார்கள். பத்து செவ்வாய்க்கிழமை, கிழவர் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்து போனார். ஒருநாள் போகும்போது பெல்கைரின் முதுகைத் தட்டி, "நீ என்னடா பண்ணுவே, மேல இருக்கறவன் அனுப்பலேன்னா?" என்றார்.

நவம்பர் கடைசியில், டீ ஆறுவதற்குள், கரையில் உட்கார்ந்தபடியே ரம்தான் போய்விட்டார். இறப்புச் சான்றிதழை எழுதியது பெல்கைரின் பிரிவுதான். உள்ளறைக் குமாஸ்தா பழைய பதிவேட்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நடுச்சொல்லும் ஏறியது. இனி அதை எடுக்க வழியில்லை. மனுதாரர் இறந்துவிட்டால் மனுவும் முடிந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் ஆலைக்காரர் உறையோடு வந்தார். சங்கடத்தோடுதான் வந்தார்.

"இது எனக்கு வந்தது இல்லப்பா. உங்காளு ரம்தானுக்கு. நேத்துதான் கால்சட்டையில பார்த்தேன். படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. பெரியவர் எப்படி இருக்காரு?"

"இல்ல எசமான். இல்ல."

உறை பெல்கைரின் மேல்கோட்டுப் பையில் பதினேழு நாள் கிடந்தது.

அடிமை முறையை ஒழித்த ஜனவரி இருபத்துமூன்றாம் தேதியைக் கறுப்பர் தெருவில் இப்போதெல்லாம் பெரிய விழாவாகக் கொண்டாடுகிறார்கள். விழாவின் உயிர் ஒரு துணி. ஓட்டல்களில் அறை சுத்தம் செய்யும் பெண்கள் கொடுத்த பழைய படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று தைத்த முப்பது மீட்டர் துணி! அதில் மஹ்பூபாவும் பள்ளிப் பிள்ளைகளும் படம் எழுதியிருக்கிறார்கள். ரோமாபுரிப் படையை எதிர்த்த குஷ் நாட்டு ஒற்றைக்கண் ராணியில் தொடங்கும். பிறகு போர்னுவின் குதிரை வீரர்கள், ஒட்டகத்தில் புத்தகம் ஏற்றிய பண்டிதர்கள். பிறகு சங்கிலி. சங்கிலியை எந்தப் பிள்ளையும் வரைய மாட்டேன் என்றதால் மஹ்பூபாவே வரைந்தாள். அப்புறம் தீவின் முதல் கறுப்பு நர்ஸ், போன வருஷம் இரண்டு பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் பையன், பச்சைத் தலைமுடியோடு ஒரு பெண். "அது யாரு?" என்று கேட்டால், "என் கடைக்கு நாளைக்கு வரப்போறவ," என்பாள். கடைசி விரிப்பு வெள்ளை. பெயரிலிருந்து சொல் நீங்கியவர்களை அதில் வண்ணத்தில் எழுதுவார்கள். பதினொரு பெயர் வண்ணத்தில் இருந்தது. பன்னிரண்டாவது பென்சிலில்: ரம்தான் பூஸர்தா. காகிதம் வந்ததும் வண்ணம் தீட்டலாம் என்று செப்டம்பரிலேயே மஹ்பூபா எழுதிவைத்தது.

பெயர்களை மேடையிலிருந்து வாசிக்க வேண்டியவர் பெல்கைர். அந்தக் குரல் இருக்க வேறு யார் வாசிப்பார்கள்? பறை அதிர்கிறது, இரும்புச் சப்ளாக்கட்டைகள் சடசடக்கின்றன, காய்ந்த ஆக்டோபஸ் போட்ட கூஸ்கூஸ் மணக்கிறது. பதினொரு பெயரையும் அவர் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் குலவையிட்டார்கள். எந்தப் பெயரின் நடுவிலும் இப்போது இருமத் தேவையில்லை. எப்படி ஒலித்தன தெரியுமா அந்தப் பெயர்கள்! பன்னிரண்டாவதற்கு வந்தார். நின்றார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி, துணிக்குப் பின்பக்கம் போனார். மஹ்பூபா ஓடிவந்தாள்.

"என்ன சித்தப்பா, மயக்கமா? தண்ணி குடுக்கவா?"

உறையைக் கொடுத்தார். அவள் படித்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"செப்டம்பர்."

"ம்."

"எங்க இருந்துச்சு இது?"

சொன்னார். கிட்டங்கி அனுமதி, நீண்ட கை, கால்சட்டைப் பை, எதையும் விடாமல். துணிக்கு அந்தப் பக்கம் பறை நிற்கவில்லை.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு? குடுக்கும்போதே?"

"தெரியும்."

"பத்து வாரம் எங்கப்பாகிட்ட வரும், வரும்னீங்க."

"சொன்னேன்."

"ஒரு வார்த்தை சித்தப்பா. 'இது உங்களுது இல்ல.' அவ்வளவுதானே?"

"நாக்கு எழும்பல மகளே."

"மகளேன்னு சொல்லாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "ஆலைக்காரருக்கு வலிக்கும்னுதானே அந்த வார்த்தைய முழுங்கினீங்க? அவங்களுக்குத்தான். எங்களுக்குன்னு நெனச்சுக்கிட்டு, இத்தனை வருசமா அவங்களுக்குத்தான் இருமியிருக்கீங்க."

அவள் மேடையேறினாள். மைக்கை எடுத்தாள். "ரம்தான் அதீக் பூஸர்தா," என்றாள். சப்ளாக்கட்டைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தத் தெருவில் அந்தச் சொல்லை யாரும் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. "எங்கப்பா இந்தப் பேர்லதான் செத்தாரு. எல்லாரும் கேட்டுக்குங்க."

குலவை எழவில்லை. கீழே படியில் பெல்கைர் தன் மல்லிகைச் செண்டை எடுத்து உள்ளங்கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் கட்டோடு பெஞ்சு பெஞ்சாக நடக்கிறார். ஒவ்வொருவர் முன்னாலும் அந்த ஆறடி உடம்பை மடக்கிக் காதைக் கொடுக்கிறார். "பேரைச் சொல்லுங்க. அம்மா பேரையும் சேத்துச் சொல்லுங்க." பெயர் ஒன்றாக இருந்தாலும் அம்மா ஒன்றாக இருக்க மாட்டாள், ஆள் மாறாது என்பது அவர் கணக்கு. இதற்கும் சண்டை வந்தது. ஆண்கள் ஊரறியத் தாயின் பெயரைச் சொல்கிற வழக்கம் தீவில் இல்லை.

"எங்கம்மா பேரு உனக்கு எதுக்குய்யா?" என்று ஒரு டாக்ஸிக்காரன் எகிறினான்.

"காதுல சொல்லு தம்பி. என்னோட போயிரும்."

"உன் தொண்டை என்னாச்சு? தீவே அதிரும்."

"அது போதும்பா. நெறைய கத்திட்டேன்."

டாக்ஸிக்காரன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, கிசுகிசுத்தான். இப்போது அந்தக் கூடத்தில் அம்மாக்களின் பெயர்கள் மெல்லிய குரலில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வேலை முடிய மதியம் இரண்டாகிவிடுகிறது. அதிகாரி முணுமுணுக்கிறார். பெல்கைர் நடக்கிறார்.

மஹ்பூபா தன் பெயருக்கு முதலிலிருந்து மனுப் போட்டிருந்தாள். அப்பாவின் காகிதம் இருந்திருந்தால் ஒரே கையெழுத்தில் முடிந்திருக்கும். நாலு மாதம் அக்கரைக்கும் இக்கரைக்கும் அலைந்தாள். மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. அவள் கூடத்தில்தான் இருந்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் பெல்கைரோடு பேசியதில்லை. தெருவில் எதிரே வந்தாலும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள்.

பெல்கைர் மற்ற எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் அவளிடம் வந்தார். குனிந்து காதைக் கொடுக்கவில்லை. அவள் அம்மா ஹலீமா இறந்தபோது ஜனாஸாவைத் தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர், என்னவென்று கேட்பது? இரண்டு கையாலும் உறையை நீட்டினார். மஹ்பூபா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சுப் பார்த்துக்கங்கம்மா," என்றார். அவளை அவர் 'வாங்க, போங்க' என்று பேசியது அதுதான் முதல் தடவை. "உங்களுதுதானான்னு."

அவள் திரும்பவில்லை. பெல்கைர் உறையை அவள் பக்கத்தில், பெஞ்சின்மேல் வைத்தார். மேலே சுற்றிய மின்விசிறிக் காற்றில் அது விளிம்பு தூக்கிப் படபடத்தது. பறந்துவிடாமல் உள்ளங்கையை விரித்து அதன்மேல் அழுத்திக்கொண்டார். முதுகு வளைந்தபடி, கையை எடுக்காமல், அப்படியே நின்றார்.